எண்ணெய் படாத பக்கங்கள்

கொழும்பு விமான நிலையத்தில் முத்திரை குத்துகிற அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சுற்றிப் பார்க்க என்றேன். சொன்னதும் பொய் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. அதுவரை நான் எந்த ஊருக்கும் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. துறையூரில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து செங்கல் சூளை, போர்வெல் வண்டி, திருப்பூர் சாயப்பட்டறை, குவைத் சமையற்கட்டு என்று போன இடமெல்லாம் வேலைக்குப் போன இடம். வேலை இல்லாத ஊரில் பத்து நாள் என்ன செய்வது என்று தெரியாமலேயே வந்து இறங்கினேன்.

என்னை அழைத்தவன் குவைத்தில் என்னோடு நான்கு வருஷம் பாத்திரம் தேய்த்தவன். ஹட்டனைத் தாண்டி, சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், நல்லதண்ணிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் அவனுக்கு ஊர். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். அவனுடையது கடைசி வீடு. இரண்டே அறை. அவனும் அவன் அம்மாவும்தான். அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மலைக்கு யாத்திரைக்காரர்கள் வருகிற மாதங்களில் அடிவாரத்தில் வடைக் கடை போடுவார்.

"வாங்க தம்பி. பஸ்ஸுல வாந்தி எடுத்தீங்களா?" என்றுதான் வரவேற்றார்.

"கினிகத்தேனைகிட்ட ஒரு தடவைம்மா."

"அப்ப பரவால்லீங்க. எல்லாரும் அங்கனதான் எடுப்பாங்க."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாந்தியை நினைத்து அல்ல. கடலைத் தாண்டி, ஐந்து மணி நேரம் மலை ஏறி, மூடுபனிக்குள் போய் நின்றால் அங்கே எங்கள் முசிறிப் பக்கத்துப் பேச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் தேயிலை வேலைக்குப் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மட்டும் மாறாமல் அங்கேயே தங்கியிருந்தது.

எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்தித்தாள் படிக்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டத்தான் கற்றேன். படிக்கக் கற்றது போர்வெல் வண்டியில். சத்தீஸ்கர் காட்டுக்குள் மாதக்கணக்கில் துளை போட்டுக்கொண்டிருப்போம். ஒரு தமிழ் எழுத்தைக் கண்ணில் பார்க்க முடியாது. திருச்செங்கோட்டிலிருந்து உதிரிப் பாகங்கள் வரும்போது அவற்றைச் சுற்றிய பழைய பேப்பருக்கு எங்களுக்குள் அடிதடி நடக்கும். கிரீஸ் அப்பிய தாளைத் துடைத்துத் துடைத்துப் படிப்பேன். முடிந்துபோன ஏலம், முடிந்துபோன கும்பாபிஷேகம், எல்லாம் ருசிக்கும். இப்போது கைபேசியில் எல்லாம் கிடைக்கிறது என்பார்கள். அந்த லயத்தில் கைபேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்றாலும், கையில் தாள் இல்லாவிட்டால் எனக்குப் படித்த மாதிரி இருப்பதில்லை.

மூன்றாம் நாளே கை பரபரத்தது. நண்பனோடு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் போய் அந்த ஊர்த் தமிழ்ப் பேப்பர் ஒன்று வாங்கினேன். அதில் என்னை நிறுத்திவைத்தது மரண அறிவித்தல்தான். பக்கம் பக்கமாக இருந்தது. எங்கே பிறந்தவர், எங்கே வசித்தவர், யாருடைய மகன், யாருடைய தகப்பன், மருமக்கள் எந்த எந்த நாட்டில் என்று ஒருத்தர் விடாமல் எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் ஓடிய ரேடியோவிலும் அதையே வாசித்தார்கள்.

"தோட்டத்துல ஒரு ஆள் செத்தாக்கூட ரேடியோவுல சொல்லுவாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லுவாங்க மச்சான். எங்க அப்பாவுக்கு ரெண்டு நேரம் சொன்னாங்க. உயிரோட இருந்தப்ப அவரு பேர யாரும் அவ்வளவு மரியாதையா சொன்னதில்ல."

மறுநாள் காலை அம்மாவின் கடைக்கு உதவப் போனேன். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பசியோடு வருவார்கள். வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள், குழந்தையைத் தோளில் போட்ட அப்பாக்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிற கிழவிகள். அம்மா அடுப்பை விட்டு எழாமலே, "என்ட, என்ட! உணு வடே!" என்று சிங்களத்தில் கூவுவார், வாங்க வாங்க, சூடான வடை என்று. அடுத்த மூச்சில் மகனைத் தமிழில் திட்டுவார்.

"குவைத்துல நாலு வருஷம் கோப்பை கழுவின கை, இங்க ஒரு கோப்பைய கழுவுதான்னு பாருங்க தம்பி."

"அங்க சம்பளம் குடுத்தாங்கம்மா."

"இங்க சோறு குடுக்குறேன். அத நிறுத்தட்டா?"

நான் பருப்பு வடைகளைச் சதுரத் தாளில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்த பிறகுதான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பாதி கிழிந்த தலைப்பில் 'துறையூர் பஸ் நிலையத்தில்' என்று இருந்தது.

வடையைத் தட்டிலே போட்டுவிட்டுத் தாளை எடுத்து விரித்தேன். துறையூர் பஸ் நிலையத்தில் குடிநீர்க் குழாய் உடைந்து ஒரு மாதமாகியும் சரிசெய்யவில்லை, பயணிகள் அவதி. கீழே உப்பிலியபுரம் சாலையில் மாடு முட்டி ஒருவர் காயம். அந்தக் குழாயை எனக்குத் தெரியும். அதில்தான் வாய் கொப்பளிப்பேன். என் ஊரிலேயே அந்தச் செய்தியை இரண்டாம் தடவை யாரும் படித்திருக்க மாட்டார்கள். அது கடல் கடந்து, உலகத்தின் நாலாப் பக்கமிருந்தும் ஆட்கள் ஏறி வருகிற மலையின் அடியில், என் கையில் வந்து உட்கார்ந்திருந்தது. தாளைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

"என்னாங்க தம்பி, தாள்ல எறும்பா?" என்றார் அம்மா.

"எங்க ஊரும்மா. எங்க ஊரு பேப்பர்."

"இருக்கும்ங்க. கட்டுக் கட்டா வருதே."

விற்காமல் திரும்பிய பேப்பரை இந்தியாவிலிருந்து கட்டுகளாகக் கப்பலில் அனுப்புகிறார்களாம். ஹட்டனில் ஒரு கடைக்காரர் வாங்கி வைத்து வடைக்காரர்களுக்கும் கச்சான் கடலை விற்கிறவர்களுக்கும் எடை போட்டுக் கொடுக்கிறார். எட்டு வருஷமாக அம்மா அந்தக் கட்டுகளைத்தான் வாங்குகிறார்.

"இந்தியாவுலேருந்து மெனக்கெட்டு வந்து இந்தியா பேப்பர் படிக்கிற ஒரே ஆள் நீதான் மச்சான்" என்றான் நண்பன்.

அன்று பகலில் லயத்து வாசலில் உட்கார்ந்து மூவரும் தாள் வெட்டினோம். வெளியே தூறல். ஒரு கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து மூன்றாகப் பிரித்தார். ஒன்று வெட்டுவதற்கு. இன்னொன்றில் சாமி படம் போட்ட பக்கங்கள். புத்தர் படமும் அதில்தான். எண்ணெய்க் கையில் கசங்கி, தின்றவர்கள் எறிந்து காலில் மிதிபடும் என்பதால் அவற்றில் வடை மடிப்பதில்லை. அந்த அடிவாரத்தில் கடை போடுகிற யாருமே மடிப்பதில்லை. இதுவரை எனக்குப் புரிந்தது. மூன்றாவது அடுக்கைப் பார்த்ததும்தான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். அதில் இருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள். கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் கட்டம் கட்டமாக இருந்தார்கள். மீசை வைத்தவர், மூக்குத்தி போட்டவர், கல்லூரி அடையாள அட்டைப் படத்தோடு ஒரு பையன்.

"இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. அதுக்காக மூஞ்சியில எண்ணெ படலாமா? அவங்க வீட்டுல மால போட்டு வச்சிருப்பாங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னும் ஓர் அடுக்கை இழுத்துக் காட்டினார். அந்த வருஷம் சேர்ந்தது. யாத்திரைக் காலம் முடிந்ததும் சாமி படங்களோடு சேர்த்து, மலைக்குப் போகிற வழியில் ஓடும் ஆற்றில் விட்டுவிடுவாராம்.

எத்தனையோ கோயில் வாசலில் தூங்கியிருக்கிறேன். இப்படி ஒரு காரியத்தைப் பார்த்ததில்லை. எங்கள் ஜில்லாவின் செத்தவர்கள் எட்டு வருஷமாக இங்கே வந்து, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கையால் கரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

அடுக்கைப் புரட்டியபோது ஒரு முகத்தில் என் விரல் நின்றது. கால் பக்கத்துக்குப் படம், தங்கச் சங்கிலி, கீழே நாலு மகன்கள் பெயர்.

"தெரிஞ்சவரா?"

"அடி வாங்கியிருக்கேன்மா. இவரு சூளையிலதான் மொத மொதல்ல கல்லு அறுத்தேன்."

"சூளையா? எங்கன?"

"துறையூர் பக்கம்."

அம்மாவின் கை நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதில் ஒரு படமும், மடித்த இடமெல்லாம் ஒட்டுப் போட்ட நீல நிறக் கடிதம் ஒன்றும் இருந்தன. ஹட்டனில் எடுத்த ஸ்டூடியோப் படம். பதினாலு வயதில் ஒரு பெண், அவள் தோளில் கை போட்டுக்கொண்டு தாவணி போட்ட பெரிய பெண் ஒருத்தி.

பெரியவள் அம்மாவின் அக்கா. அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கமும் பேசி, தோட்டத்து ஆட்களில் சிலரை இந்தியா என்றும் சிலரை இலங்கை என்றும் எழுதினார்கள். அக்கா கல்யாணம் கட்டிய வீட்டுக்கு இந்தியா விழுந்தது. பிறந்த வீட்டுக்கு இலங்கை. தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம், பிறகு மூன்று வருஷத்தில் இரண்டு. கடைசிக் கடிதம் இது. துறையூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இருக்கிறோம், ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறாள், விலாசம் நிலையானதும் எழுதுகிறேன் என்று முடிந்திருந்தது. அதன் பிறகு சண்டை, கலவரம். பிறகு ஒன்றுமில்லை.

"அதான் தம்பி, கட்டு வந்த நாள்லேருந்து பாக்குறேன். ஹட்டனைப் பிறப்பிடமாகவும்னு போட்டு ஒன்னு வருதான்னு. மூஞ்சி மாறியிருந்தாலும் பொறந்த ஊரு போட்டிருப்பாங்கல்ல? எட்டு வருஷமா வரல." அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "வராத வரைக்கும் அக்கா நல்லா இருக்கு."

கடிதத்தை மடித்து டப்பாவில் வைத்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் அப்படி இல்லை. சூளை முதலாளி செத்தால் பேப்பரில் வரும். சூளையில் கல் அறுத்தவள் செத்தால் தெருமுனையில் ஒரு பிளக்ஸ் வைத்தாலே பெரிய காரியம். பேப்பரில் போட்டாலும் எங்கள் ஆட்கள் பிறந்த ஊரைப் போடுவதில்லை. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியோடு சரி. ரேடியோவிலேயே எல்லாருடைய சாவையும் சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, உலகம் முழுக்க அப்படித்தான் என்று அவர் நினைத்துவிட்டார். அந்த நினைப்பின் மேல்தான் எட்டு வருஷமாக அக்காவை உயிரோடு வைத்திருந்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தனியாக மலை ஏறினேன். வெயில் வந்த பிறகு ஏறுகிறவன் நான் ஒருவன்தான். எதிரே வந்தவர்கள் எல்லாம் இறங்குகிறவர்கள். உச்சியில் மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. அங்கே பாறையில் பதிந்திருக்கிற பாதம் சிவனுடையதா, புத்தருடையதா, ஆதாமுடையதா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. யாரோ வந்து நின்றார்கள் என்பதில் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை. அங்கே நின்று, சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் இருப்பதும் இந்த மாதிரி ஒன்றுதானே, அதை நான் ஏன் தொட வேண்டும் என்று முதலில் தோன்றியது. இறங்கும்போது வேறு தோன்றியது. அக்கா துறையூரில் உயிரோடு இருந்தால், அவரைத் தேடாமல் இருப்பதற்கு இந்தப் பேப்பர்தான் காரணமாக இருக்கிறது.

லயத்துக்கு வந்து, பால் விடாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"அம்மா, எங்கம்மா செத்தப்ப நான் சத்தீஸ்கர்ல இருந்தேன். பதினோரு நாள் கழிச்சுத்தான் தெரியும். பேப்பர்ல வரல. எங்க மாதிரி ஆளுங்களுக்கு வராதும்மா."

அவர் என் பக்கம் திரும்பினார். "யாருக்குமேவா?"

"காசு கட்டி, படம் குடுத்தாத்தான் போடுவாங்க. கல்லு அறுக்குறவங்க யாரும் போட மாட்டாங்க."

அம்மா தாள் வெட்டப் போய்விட்டார். கத்திரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. நண்பன் என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"எதுக்கு மச்சான் சொன்ன? அது பாட்டுக்கு நம்பிக்கிட்டு இருந்துச்சு."

"தெரியாம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்டா."

"உனக்கென்ன, நீ நாளைக்கு பிளேன் ஏறிருவ. எண்ணெச் சட்டி பக்கத்துல நான்தான் உக்காரணும்."

அவன் சொன்னது சரிதான். நான் எப்போதும் ஏதாவது செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறவன்.

காலையில் நான் பையைக் கட்டும்போது அம்மா பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றார்.

"தம்பி, காசு கட்டி படம் குடுத்தா போடுவாங்கன்னீங்களே. செத்தவங்களத்தான் போடணுமா? உயிரோட இருக்கவங்கள போட மாட்டாங்களா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பேப்பர் படித்தவன் நான்.

டப்பாவில் இருந்த படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டேன். அசலைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

துறையூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்தான் பேப்பருக்கு விளம்பரம் வாங்குகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணீர் அஞ்சலியா?" என்றார்.

"இல்லைங்க. ஆளைத் தேடணும்."

"எப்பக் காணாமப் போனாங்க?"

"நாப்பது வருஷம் இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு தாளை நகர்த்தி வைத்தார். அதில் நானே எழுதினேன். அந்த ஊர் வழக்கப்படியே எழுதினேன். ஹட்டனைப் பிறப்பிடமாகவும் துறையூர் பக்கம் சூளையை வசிப்பிடமாகவும் கொண்ட இவரைத் தங்கை தேடுகிறார். அக்காவின் பெயர், என் கைபேசி எண். மூன்று விரல் அகலத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு பெண்களில் பெரியவளை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவள் தோளுக்குப் பக்கத்தில் தங்கையின் தலைமுடி கொஞ்சம் தெரிந்தது.

அன்று காலை ஏழு மணியிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் பேசியது பெரம்பலூரிலிருந்து ஒரு பெரியவர். அந்த அம்மாவைத் தெரியாது. ஆனால் ஹட்டன் என்று பார்த்தேன், நானும் அங்கேதான் பிறந்தேன், எங்கள் தோட்டத்தில் பெரிய பாலம் ஒன்று உண்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்து ஒரு பெண், தன் அண்ணன் நுவரெலியாவில் மரக்கறிச் சந்தையில் இருந்தார், விசாரிக்க முடியுமா என்றாள். மாலைக்குள் ஒன்பது பேர். பக்கத்து ஊர்களிலேயே, நான் டீ குடிக்கிற கடைகளிலேயே இத்தனை பேர் அந்த மலையை மனதுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கைபேசியைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நாலாம் நாள்தான் அந்த அழைப்பு வந்தது. நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிற பெண்.

"அண்ணே, பண்ணையில முட்டைக்கு அடியில விரிச்ச பேப்பருண்ணே. அதுல இருக்கறது எங்கம்மா. இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? எங்ககிட்ட ஒரு படமும் இல்லையே."

"அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"போயிட்டாங்கண்ணே. பதினோரு வருஷமாச்சு."

லயத்துப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் நண்பன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். நான் கோழிப்பண்ணை வாசலில் அந்தப் பெண் பக்கத்தில் நின்றேன். கைபேசித் திரையில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. அங்கே மூடுபனி, இங்கே கோழிகளின் இரைச்சல். முதலில் பேசியது அம்மாதான்.

"கண்ணக் காட்டு. இன்னும் கிட்ட. எங்க அப்பா கண்ணு." பிறகு, "அக்கா எப்பிடிம்மா போச்சு?"

"காச்சல் சித்தி. மூணு நாள்தான்."

சித்தி என்று அவளை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அம்மா பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இப்போது வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பாறைக்கு ஏறுகிறாராம்.

விளம்பரம் வந்த பக்கத்தில் இரண்டு பிரதி வைத்திருந்தேன். ஒன்றை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். இன்னொன்றைத் தபாலில் அனுப்பட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாம் தம்பி. கட்டுல வரும். வரட்டும்."

"வராமலும் போகலாம்மா. எத்தனையோ ஊருக்கு எத்தனையோ கட்டு போகுது."

"முட்டைக்கு அடியில போய்ச் சேந்துச்சுல்ல. இங்க வராதா?"

போன வாரம் நண்பன் பேசினான். கட்டைப் பிரித்தால் இப்போதெல்லாம் வேகமாகப் புரட்டுவதில்லையாம். முன்பெல்லாம் அஞ்சலிப் பக்கம் வரும்போது அம்மா கொஞ்சம் மூச்சை நிறுத்தி, அக்கா இல்லை என்று பார்த்ததும் விடுவாராம். இப்போது ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, இருக்கிறாளா என்று பார்க்கிறாராம். வந்தால் அந்தப் பக்கம் ஆற்றுக்குப் போகாது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். எண்ணெய் படாமல் எடுத்து வைக்க ஒரு புதுப் பிஸ்கட் டப்பாவும் கழுவிக் காயவைத்தாகிவிட்டது.